குப்பை வண்டிக்கு ஒரு புது மெட்டு

எங்கள் நகராட்சியின் துப்புரவுப் பிரிவு, பொதுமக்கள் நலனைக் கருத்தில் கொண்டு, குப்பை வண்டியின் மெட்டை மாற்றுவதெனத் தீர்மானித்தது. தைவானில் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. வண்டி பாட்டோடு வரும். பையைத் தூக்கிக்கொண்டு நாம்தான் ஓட வேண்டும். ஒரே பாட்டுக்கு ஓடி ஓடி ஊர் சலித்துவிட்டதாக ஓர் ஆய்வுக்குழு கண்டுபிடித்திருந்தது.

புது மெட்டுக்கு யூஃபென் டீச்சரைப் பிடித்தார்கள். வெளிநாட்டு மேடைகளில் பியானோ வாசித்தவர், பெரிய பெரிய இசைக்கோவைகள் எழுதியவர். எங்களுக்கோ அவர் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித் தருகிற டீச்சர், அவ்வளவுதான். தன் இசையை ஒருநாளாவது ஊரே கேட்கும் என்று ஒப்புக்கொண்டார்.

பிரிவுத் தலைவர் ஷியே நிபந்தனை சொன்னார்.

"மெட்டு நல்லா இருக்கணும் டீச்சர். ஆனா யாரும் நின்னு கேக்கக் கூடாது."

"நல்லா இருந்தா நிக்கத்தானே செய்வாங்க?"

"அதுக்குத்தானே நிபுணரைக் கூப்பிட்டிருக்கோம்."

முதல் நாள் மாலை வண்டி புது மெட்டோடு வந்தது. மீன் உருண்டைக் கடை மெய்லான் அக்கா, பையிலிருந்து தண்ணீர் ஒழுக, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தெருவே நின்றது. வண்டி போய்விட்டது. யாரும் கவலைப்படவில்லை. மறுநாள் காலை வெயில் ஏறியதும் கவலைப்பட்டோம்.

டீச்சருக்குக் கடிதம் போனது: "மேற்படி மெட்டின் இனிமை அனுமதிக்கப்பட்ட அளவை மீறியுள்ளதால், உரிய திருத்தம் செய்து சமர்ப்பிக்கவும்."

திருத்தக் குழு பியானோவைச் சுற்றி உட்கார்ந்தது.

"இந்த இடம் எதுக்கு டீச்சர்?" என்றார் ஷியே.

"அங்கதான் மெட்டு மூச்சு விடுது."

"குப்பை வண்டிகிட்ட யாரு மூச்சு விடுவா? எடுத்துடுங்க."

"அதுக்குப் பதிலா வண்டியில ஒரு மணியைக் கட்டித் தொங்கவிடலாமே சார்?"

"மணின்னா கோப்பு வேற பிரிவுக்குப் போயிடும்."

ஒன்பது திருத்தங்களுக்குப் பிறகு நாலு ஸ்வரம் மிஞ்சியது. யாருக்கும் பிடிக்கவில்லை, எல்லாரும் ஓடினோம். மாபெரும் வெற்றி. டீச்சருக்கு விருது கொடுத்து, நகர மண்டபத்தில் கச்சேரியும் வைத்தார்கள்.

அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. டீச்சர், தான் முதலில் எழுதிய மெட்டை முழுசாக வாசித்தார். மெய்லான் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடுவில் அந்த நாலு ஸ்வரம் வந்தது.

மெய்லான் அக்கா எழுந்தாள். ஷியே அவளுக்கு முன்பே கதவருகில் இருந்தார். நானும் ஓடினேன். வெளியே வந்தால் வண்டியும் இல்லை, எங்கள் கையில் பையும் இல்லை. உள்ளே டீச்சர் காலி நாற்காலிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போக வெட்கப்பட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

ஷியே அறிக்கை எழுதினார்: "இந்நகர வரலாற்றில் அவையோரை இந்த அளவுக்கு எழுப்பிய இசை வேறில்லை." அதன் பேரில் அந்த நாலு ஸ்வரமும் பள்ளி இசைப் பாடத்தில் சேர்ந்தன.

மறுவாரம் டீச்சர் வீட்டு வாசலில் பெற்றோர் வரிசை. நானும் மகளோடு நின்றேன்.

"பாப்பாவுக்கு என்ன கத்துக்கணும்?" என்று கேட்டார் டீச்சர்.

"அந்த நாலு மட்டும் போதும் டீச்சர்," என்றேன். "மிச்சம் பரீட்சையில வராதாம்."