கட்டாயமில்லைக்காரரின் கிறிஸ்துமஸ்

பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலைத் திறப்பவர் ஒரு ரகம். திறந்த ஜன்னலை மூடுபவர் இன்னொரு ரகம். இருவரையும் உங்களுக்குத் தெரியும், சண்டை போட்டுச் சமாளித்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தை. இவர் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஜன்னல் உங்க பக்கம் இருக்கு. திறக்கிறதும் மூடுறதும் உங்க இஷ்டம். கட்டாயமில்லை," என்பார். அப்பாடா என்று நீங்கள் மூச்சு விடுவதற்குள், "ஆனா..." என்று ஆரம்பித்து, நுரையீரலைப் பற்றி, காற்றைப் பற்றி, காற்றில்லாத அறைகளில் வாடிய மேதைகளைப் பற்றி, நீங்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் வரை பேசி, கடைசியில் உங்கள் கையாலேயே உங்கள் ஜன்னலைத் திறக்கவைத்துவிட்டு, "பார்த்தீங்களா, நீங்களாவே திறந்தீங்க!" என்று பூரித்துப்போவார்.

இவர்தான் கட்டாயமில்லைக்காரர்.

இந்த இனம் இல்லாத இடமில்லை. ஆனாலும் நன்றாக வளர்ந்து முற்றிய ஓர் உருப்படியைப் பார்க்க ஆசையிருந்தால் எங்கள் பின்வீட்டுக்கு வாருங்கள். மனிதர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். அந்த வேலை இவருக்கென்றே பிறந்தது. உயரமான நாற்காலியில் உங்களை ஏற்றி, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, அதுலயா? உங்க மனசுக்குப் பட்டதைச் சொல்லுங்க," என்பார்.

"ரெண்டாவதுல."

"ரெண்டாவதா? நிச்சயமா? கட்டாயமில்லை. நிதானமா இன்னொரு தடவை பாருங்க."

மூன்றாவது தடவை நீங்கள் "முதலாவது" என்று சொன்னால்தான் நாற்காலியிலிருந்து இறங்க முடியும். நான் இப்போது போட்டிருக்கும் கண்ணாடி என் கண்ணுக்குப் பொருந்தியதல்ல. அவருடைய மனசாட்சிக்குப் பொருந்தியது.

ஞாயிற்றுக்கிழமை இவர் யூனிட்டேரியன் சபைக்குப் போவார். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த சபைதான். ஆனால் கடவுள் ஒருவரே, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று மூவராகப் பிரித்துச் சொல்வதில் தங்களுக்கு உடன்பாடில்லை என்று புறப்பட்டவர்கள். இயேசு மிகப் பெரிய ஆசான். அதற்குமேல் அவரவர் அறிவு, அவரவர் மனசாட்சி. எவரையும் எதையும் நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. சிரிக்காதீர்கள், உயர்ந்த கொள்கை. "எனக்குத் தெரியாது" என்று கோயிலுக்குள் நின்று தைரியமாகச் சொல்ல முடிகிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கிறது? நான்கூடச் சில ஞாயிறுகள் போயிருக்கிறேன். நல்ல மனிதர்கள். நாற்காலிகளும் மெத்தென்று இருக்கும்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் சொல்வதில் யாருக்காவது உடன்பாடில்லை என்றால் கையைத் தூக்கி, "என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்துகொள்கிறேன்," எனலாம். பேச்சு நிற்கும். செயலாளர் குறிப்பேட்டில் எழுதுவார். பேச்சு தொடரும். செயலாளர் யார் என்கிறீர்கள்? நம்மவரேதான். தன் கையைத் தானே தூக்கி, தானே எழுதி, தானே படித்துக்காட்டிய நாட்களும் உண்டு.

பத்தரை மாதம் இவருடன் யாரும் குடித்தனம் செய்துவிடலாம். நவம்பர் பாதியில்தான் இவர் முகத்தில் ஓர் ஒளி படரும். அதைக் கண்டதும் அவர் மனைவி அலமாரியிலிருந்து தலைவலி மாத்திரையை எடுத்துக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்வாள். கிறிஸ்துமஸின் உண்மையான அர்த்தம் அவருக்குப் புலப்பட்டுவிட்டது! போன வருஷமும் புலப்பட்டது. அது வேறு.

ஒரு வருஷம் அது வரலாறு. இயேசு பிறந்த தேதி யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று நிரூபித்தார். தேதி நிச்சயமாகும்வரை கேக் வெட்டுவது நேர்மையல்ல என்றார். கேக் மார்ச் மாதம் வரை காத்திருந்தது, ஆணியடிக்க உதவியது. இன்னொரு வருஷம் சுதந்திரம். "பரிசு கொடுக்கிறது உள்ளேயிருந்து வரணும். சடங்குக்காகக் கொடுக்காதீங்க. கட்டாயமில்லை," என்றார். யாரும் கொடுக்கவில்லை. மாலை நாலு மணிக்கு, தனக்கு ஒரு கைக்குட்டைகூட வரவில்லையே என்று மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மற்றொரு வருஷம் உலக ஒற்றுமை. எந்த நம்பிக்கைக்காரர் மனமும் புண்படாதபடி ஒரு வாழ்த்து அட்டை எழுதினார். எழுதி முடித்தபோது அது நான்காக மடித்த காகிதமாயிருந்தது. கடைசி மடிப்பைப் பிரித்தவர்களுக்குத்தான் அது வாழ்த்து என்றே தெரிந்தது.

இதையெல்லாம் அவள் சிரித்தே கடந்துவிட்டாள். பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையிலிருந்து மாலைவரை "வாயைத் திறங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்தால் "வாயை மூடுங்க" என்று சொல்லவேண்டியிருக்கிறதே என்பதைத் தவிர அவளுக்குப் பெரிய குறையில்லை. ஏழு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் வரைக்கும்.

அவளுக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். பஸ் டிரைவர். அப்பா அம்மா போனபின் அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான். அவர் போவது மூவரையும் நம்புகிற சபை. அன்றைக்கு மத்தியானம் மனைவி மக்களோடு விருந்துக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடி, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே..." என்று ஜெபத்தை ஆரம்பித்தார். எதிரே ஒரு கை உயர்ந்தது.

"மச்சான், ஒரு நிமிஷம். என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்துகொள்கிறேன்."

ஜெபத்தின் நடுவில்! அண்ணன் கண்ணைத் திறந்தார். எடுத்த தட்டை அப்படியே வைத்தார். எழுந்தார். குழந்தைகளின் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் தூக்கிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான். ஆறு கிறிஸ்துமஸ். "நான் என்ன தப்பா சொன்னேன்? அவர் கருத்தைச் சொல்லவேண்டாம்னு சொன்னேனா?" என்று இவர் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன வருஷம் டிசம்பர் முதல் வாரம் அண்ணனிடமிருந்து போன். "வரட்டுமா?" என்று ஒரே வார்த்தை. அவள் அழுதாள், சிரித்தாள், மேசை விரிப்பை இரண்டு தரம் துவைத்தாள். பிறகு புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா வர்றாங்க. ஜெபம் பண்ணுவாங்க. நீங்க பேசக் கூடாது."

"பேசக் கூடாதா? கருத்துச் சுதந்திரம்னு ஒண்ணு..."

"கட்டாயமில்லை," என்றாள் அவள். "ஆனா அண்ணா இந்தத் தடவை எழுந்து போனா, நானும் பையை எடுத்துக்கிட்டு கூடவே போயிடுவேன்."

தன் ஆயுதம் தன் பக்கம் திரும்பியதை மனிதர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

அதன்பின் மூன்று வாரம் அந்த வீட்டில் நடந்தது பயிற்சி. அவள் காய் நறுக்கிக்கொண்டே திடீரென்று "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி!" என்பாள். இவர் கை விருட்டென்று எழும். "கீழே போடுங்க!" முதல் வாரம் கை தோள்வரை போனது. இரண்டாம் வாரம் இடுப்போடு நின்றது. மூன்றாம் வாரம் சுண்டுவிரல் மட்டும் துடித்தது. "எங்க ஆஸ்பத்திரியில வலிச்சா கையைத் தூக்கச் சொல்லுவோம். இங்க வலிச்சாலும் தூக்கக் கூடாது, புரியுதா?" என்றாள். புரிந்தது என்று தலையை ஆட்டினார். பாவம், அந்த மூன்று வாரத்தில் இரண்டு கிலோ இளைத்தார். கடையில் ஒரு வாடிக்கையாளர் சொன்ன முதல் பதிலையே ஏற்றுக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமஸ் மத்தியானம் வந்தது. அண்ணன் வந்தார், அண்ணி வந்தார், இரண்டு பெண்கள் வளர்ந்து வாசற்படியில் தலை இடிக்கும் உயரத்தில் வந்தார்கள். சாட்சிக்கு ஒருத்தி இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தாள். ஆக ஏழு பேர்.

"நல்லா இருக்கீங்களா, மாப்பிள்ளை?"

"இருக்கேன், மச்சான்."

அதோடு பேச்சு தீர்ந்தது. சூப் வந்தது. எல்லோரும் தட்டைப் பார்த்தோம். அண்ணன் கைகளைக் கோத்துக் கண்ணை மூடினார். நம்மவர் நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் மூச்சை அடக்கினாள்.

"எங்கள் பிதாவே, இந்த உணவுக்காக ஸ்தோத்திரம். எங்களை மறுபடி ஒன்றாக உட்காரவைத்ததற்காக ஸ்தோத்திரம். ஆமென்."

அவ்வளவுதான். குழியிருக்கிற இடம் தெரிந்த டிரைவர், வண்டியை அலுங்காமல் ஒதுக்கி ஓட்டிவிட்டார். குமாரனும் இல்லை, ஆவியும் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணி கரண்டியை எடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

கை உயர்ந்தது.

"மச்சான்," என்றார் நம்மவர், "மீதி ரெண்டு பேர் எங்கே?"

கரண்டிகள் அப்படியே நின்றன.

"எதுக்கு மாப்பிள்ளை... வேண்டாம்னுதானே விட்டேன்."

"எனக்காக விட்டீங்களா? என் வீட்டில, என் மேசையில, ஒரு மனுஷன் தன் நம்பிக்கையை முழுங்கிட்டு சூப் குடிக்கணுமா? இதுக்கா மனசாட்சிச் சுதந்திரம்னு நாங்க இத்தனை காலம் போராடினோம்? சொல்லுங்க. மூணு பேரையும் சொல்லுங்க."

"இருக்கட்டும் மாப்பிள்ளை, கடவுளுக்குத் தெரியும்."

"கடவுளுக்குத் தெரிஞ்சா போதாது! சொல்லித்தான் ஆகணும்!"

கடவுள் ஒருவரே என்பதற்காக ஆறு வருஷம் மச்சானை இழந்தவர், மூவர் என்று சொல்லச் சொல்லி மச்சானிடம் மல்லுக்கு நிற்கிறார்! இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்?

அவள் மெதுவாக எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா சொல்லித்தான் ஆகணுமா? கட்டாயமா?"

அவர் அந்தப் பையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து வராத ஒரு சொல் தொண்டைவரை வந்து, நின்று, விக்கி, வெளியே விழுந்தது.

"கட்டாயம்."

பிறகு அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"எங்கேம்மா கிளம்பிட்டே? பையைச் சுவரில மாட்டிட்டு வந்து உட்காரு," என்றார் அண்ணன். "முழு ஜெபம்னா நான் நின்னுதான் பண்ணுவேன்."

பண்ணினார். ஆறு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துப் பண்ணினார். பிதாவை அழைத்தார், குமாரனை அழைத்தார், பரிசுத்த ஆவியை அழைத்தார். ஒருமுறை அழைத்தது காதில் விழாமல் போயிருந்தால் என்னாவது என்று மறுபடி மூவரையும் அழைத்தார். தன் பஸ்ஸுக்காக, பயணிகளுக்காக, டிக்கெட் எடுக்காத பயணிகளுக்காக, உபரி டயருக்காக ஜெபித்தார். "ஊரார் கண்ணைப் பரிசோதிக்கிற என் மாப்பிள்ளையின் கண்களைத் திறந்தருளும்" என்றபோது குரல் கொஞ்சம் கூடுதலாகவே உயர்ந்தது. சூப்பின்மேல் ஆடை படிந்தது. ஆடையின்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்து, அதுவும் தூங்கிப்போனது. என் கணக்கில் இருபத்துமூன்று நிமிஷம். நம்மவர் முகம் சிவந்தது, வெளுத்தது, வேர்த்தது. வலது கை தானாக எழும்பியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த மனைவி அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பை எப்போதோ சுவருக்குத் திரும்பியிருந்தது.

ஏழு பேர் ஆமென் சொன்னோம். ஆறு பேர்தான் என்கிறார் அவர். தனக்கு அந்த நேரத்தில் கொட்டாவி வந்ததாம்.

போகும்போது அண்ணன் வாசலில் நின்று, "அடுத்த வருஷம் நம்ம வீட்டில. கட்டாயம் வரணும், மாப்பிள்ளை," என்றார். நம்மவர் அதற்கு மாற்றுக்கருத்து எதுவும் பதிவுசெய்யவில்லை.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? இந்த நவம்பரில் முகத்தில் மறுபடி ஒளி வந்தது. கிறிஸ்துமஸின் உண்மையான அர்த்தம், பிறர் பேசும்போது குறுக்கிடாமல் கடைசிவரை கேட்பதுதானாம். இதைச் சபையில் ஐம்பது நிமிஷம் விளக்கினார். நடுவில் மூன்று பேர் கை தூக்கினார்கள். "கேக்கப் பழகுங்க. கட்டாயமில்லை, ஆனா..." என்று அவர்களை உட்காரவைத்துவிட்டார்.

சரி, அவரை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'இதை நம்ம ஆள் ஒருத்தர் அவசியம் படிக்கணும்' என்று ஒரு முகம் உங்கள் மனசில் வந்துபோனதல்லவா? அவரிடம் இந்தப் பக்கத்தை நீட்டி, "நேரம் இருந்தா பாருங்க, கட்டாயமில்லை," என்று சொல்வதாகத்தானே உத்தேசம்?

நீட்டும்போது அவர் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். உங்களுக்குக் கொடுப்பதற்காக அவரும் இதே பக்கத்தை மடித்து வைத்திருக்கப்போகிறார்.