தரையில் நின்றே சுவர் ஏறியவர்

உலகத்தில் ஏறத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஏறுகிறவருக்கு வழி சொல்லத் தெரிந்தவர்களோ எண்ணில் அடங்காதவர்கள். இவர்களைத் தரையேறிகள் என்று அழைப்போம். உங்கள் வீட்டில் விளக்கு மாற்ற யாராவது ஸ்டூல் மேல் ஏறினால் போதும். அதுவரை பத்திரிகைக்குள் தலையை விட்டிருந்த தரையேறி எழுந்து வந்து, இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து பார்த்து, "இந்தப் பக்கம் திருப்பு, அந்தப் பக்கம் இல்ல, நான் சொல்ற பக்கம்" என்று ஆரம்பித்துவிடுவார். விளக்கு எரிந்தால் அவர் சொன்னதால் எரிந்தது. எரியாவிட்டால் அவர் சொன்னதைக் கேட்காததால் எரியவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாரா? மாட்டார். வழி காட்ட இரண்டு கையும் வேண்டாமா?

போர்ட் கிள்ளான் வேலாயுதம் இந்த இனத்தின் திலகம். கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர். வருகிற லோரிகளைப் பின்னால் எடுக்கச் சொல்லி, சரக்கு இறக்கும் மேடையோடு ஒட்டவைப்பது அவர் வேலை. அவருக்கு லைசென்ஸ் கிடையாது. ஆனால் "கோஸ்தான், கோஸ்தான்" என்று அவர் குரல் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட லோரியும் பின்னுக்குப் போகும். வீட்டிலும் அதே சொல்தான். மகள் சீதாலெட்சுமி நடை பழகிய நாளில் சாக்கடைப் பக்கம் போனால் கோஸ்தான். மனைவி இராஜம்மா சட்டியோடு கதவில் இடித்துக்கொண்டால் கோஸ்தான். ஒரு கல்யாணத்தில் மணப்பெண் மணவறையைத் தாண்டி இரண்டடி போய்விட்டாள் என்று மேளச் சத்தத்தையும் மீறி அவர் கோஸ்தான் சொல்ல, அந்தப் பெண்ணும் மறுபேச்சில்லாமல் பின்னால் வந்தாள்.

இப்படிப்பட்டவரின் மகள் சுவர் ஏறும் போட்டியில் சேரலாமா? சேர்ந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் கோலாலம்பூரில் ஒரு பெரிய கொட்டகைக்குள் உயரமாகப் பலகைச் சுவர் எழுப்பி, கலர் கலராகப் பிடிகளைத் திருகிவைத்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறும் விளையாட்டு புதிதாக வந்திருந்தது. கிள்ளானில் அவள் படித்த பள்ளியின் அணிக்கு அதுதான் முதல் போட்டி. அணியின் மூன்று பெண்களும் ஏறும் உயரத்தைக் கூட்டிப் பார்த்து இறுதிச் சுற்றுக்கு ஆள் எடுப்பார்கள்.

"அப்பா, கீழேருந்து யாரும் வழி சொல்லக் கூடாது. சொன்னா டீமையே வெளிய போட்டுடுவாங்க. குணேஸ்வரி டீச்சர் உங்க பேரச் சொல்லியே சொன்னாங்க."

"நான் என்னம்மா சொல்லப் போறேன்? எனக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும் என்று ஒரு தரையேறி சொன்னால் நம்பலாமா? இராஜம்மா நம்பவில்லை. போட்டியன்று ரயிலடியில் ஒரு பெரிய பொட்டலம் பீசாங் கோரெங் வாங்கிக்கொண்டாள். மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம், சூடாக இருந்தால் எந்த வாயையும் அடைக்கும். முதல் பெண் ஏறும்போது அவர் வாய் திறந்தது; ஒரு துண்டு உள்ளே போனது. இரண்டாவது பெண்ணுக்கு மூன்று துண்டு. சீதாலெட்சுமியின் முறை வந்தபோது பொட்டலத்தில் எண்ணெய்தான் மிச்சம்.

அவள் ஏறினாள். விறுவிறுவென்று ஏறினாள். சாக்கடைப் பக்கம் தத்தித் தத்திப் போன குழந்தையா இது என்று வேலாயுதத்துக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் பீசாங் கோரெங் வேறு. பாதிக்கு மேல் போய் அவள் நின்றுவிட்டாள். வலது கால் சிவப்புப் பிடியில். இடது கால் காற்றில் துழாவுகிறது. முழங்காலுக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சைப் பிடி. அவளுக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிகிறது. என்ன செய்வார் மனிதர்? தன் இடது காலைத் தூக்கினார். பக்கத்திலிருந்தவரும் தூக்கினார். கொஞ்ச நேரத்தில் அப்பாமார் வரிசை முழுக்க ஒற்றைக் காலில் நின்றது. மேலே அவள் கால் பச்சைப் பிடியைத் தாண்டிப் போனது. இதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"கோஸ்தான்."

பிறந்ததிலிருந்து பழகிய சொல் அல்லவா? சீதாலெட்சுமி பின்னால் வந்தாள். காலை மட்டுமல்ல, இரண்டு கையையும் விட்டுவிட்டு முழுசாகப் பின்னால் வந்து, கயிற்றில் ஊஞ்சலாடினாள்.

மலேசியாவில் கோஸ்தானுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? மலாய்க்கார நடுவர் விசிலை ஊதிக்கொண்டு நேராக வேலாயுதத்திடம் வந்தார். குணேஸ்வரி டீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வேலாயுதத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"தப்பு என்னோடது பாஸ். பிள்ளைங்க பாவம், அவங்கள வெளிய போட்றாதீங்க," என்று தமிழும் மலாயும் கலந்து கெஞ்சினார்.

நடுவர் அவரைப் பார்த்தார். மேலே ஆடிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். உதவி செய்வதைத்தான் விதி தடுக்கிறது, இவர் செய்தது எந்தக் கணக்கிலும் உதவி ஆகாது என்று மைக்கில் தீர்ப்புச் சொன்னார். அதுவரை ஏறிய உயரமே போதும். அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. கொட்டகை அதிர்ந்தது. முப்பது வருஷமாக வழி சொல்லி வந்தவருக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் கிடைத்தால் அவர் சிரிப்பதா, அழுவதா? வேலாயுதம் இரண்டையும் சேர்த்தே செய்தார்.

ரோஷம் சும்மா விடுமா? போட்டி முடிந்து, பெற்றோர் ஆசைப்பட்டால் ஏறிப் பார்க்கலாம் என்றதும் முதல் ஆளாகக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். இரண்டு பிடி ஏறினார். நின்றார். வலது கால் நீலப் பிடியில். இடது கால் காற்றில். முழங்காலுக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் பிடி.

"எங்கம்மா வைக்கிறது கால? யாராச்சும் சொல்லுங்களேன்."

"வழி சொல்லக் கூடாதுப்பா. ரூல்ஸ் லா," என்றாள் சீதாலெட்சுமி.

இராஜம்மா காலிப் பொட்டலத்தை மடித்தபடி கூரையைப் பார்த்தாள்.

அவர் தொங்கட்டும், விடுங்கள். நீங்கள் சொல்லுங்கள். மஞ்சள் பிடி அங்கேதானே இருக்கிறது, இந்த மனுஷனுக்குக் கண் தெரியாதா என்று உங்கள் உதடு இப்போது லேசாக அசைந்ததே, எதற்கு? போகட்டும், யாரும் பார்க்கவில்லை. அந்த இடது காலை மட்டும் கீழே இறக்கி வையுங்கள்.