போலீஸுக்கு மரியாதை சொல்லிக்கொடுத்த கதை

அடுத்தவருக்குப் புத்தி சொல்வதையே தொழிலாக வைத்துக்கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்குகிறவன் நான். தெலுங்கும் உருதும் புழங்கும் இந்த ஊரில், பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் பயிற்சியாளர். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, வாடிக்கையாளர் எவ்வளவு திட்டினாலும் முகம் மாறாமல் பேசுவது எப்படி என்று கற்றுக்கொடுப்பேன். (வீட்டில் இந்த வித்தை ஒருநாளும் பலித்ததில்லை.)

சில வருடங்களுக்கு முன், எங்கள் கம்பெனி சமூக சேவை என்று சொல்லி என்னை ஒரு நாள் போலீஸுக்குத் தானம் கொடுத்தது. பயிற்சியில் இருந்த சப் இன்ஸ்பெக்டர்களுக்கு, புகார் கொடுக்க வருகிறவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்வது எப்படி என்று நான் வகுப்பெடுக்க வேண்டும். செய்தி வந்த நிமிடத்திலிருந்து என் நடையே மாறிவிட்டது. அல்வாலில் எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் யார் ஏறினாலும், "நம்ம போலீஸ்காரங்களுக்கு ஒரு கிளாஸ் எடுக்கணும்" என்று நானாகவே ஆரம்பித்தேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை. நான் போலீஸ், மனைவி மாலதி புகார்தாரர். நாற்காலி போட்டு உட்காரவைப்பேன், தண்ணீர் கொடுப்பேன், பிறகு கனிவாகக் கேட்பேன்: "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"உங்க மேலதான்" என்பாள் மாலதி, ஒவ்வொரு முறையும்.

வகுப்பு நாளன்று என் பைக் மக்கர் செய்தது. மாலதியின் புது ஸ்கூட்டரைக் கேட்டேன். இருக்கையில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் இன்னும் பிரிக்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுப் பக்கம் வந்துராதீய." (திருநெல்வேலிக்காரி. மிரட்டலிலும் மரியாதை குறையாது.)

பேகம்பேட்டில் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் வாசலிலேயே வண்டியை நிறுத்தினேன். பக்கத்தில் டீ விற்றுக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்தார். "சாப், காடி இதர் நக்கோ" என்றார். வண்டியை இங்கே விடாதே என்று அர்த்தம். கடைக்கு இடம் வேண்டும், அதனால் விரட்டுகிறார் என்று நினைத்தேன். கூலிங்கிளாஸைக் கழற்றாமலே, "மை போலீஸ் கா மாஸ்டர்" என்றேன். அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

காலை வகுப்பில் இங்கிலீஷில் பிய்த்து உதறினேன். "போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. பயந்துகொண்டுதான் வருகிறார்கள். அந்தப் பயத்தை முதலில் எடுங்கள்" என்றேன். ஆதாரம் இல்லாமல் யாரையும் சந்தேகப்படாதே, சட்டையைப் பார்த்து ஆளை எடை போடாதே, விசாரணை என்ற பெயரில் கை வைக்காதே என்று ஒவ்வொன்றையும் திரையில் பெரிய எழுத்தில் போட்டேன். பிள்ளைகள் குனிந்து குறித்துக்கொண்டார்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு திடீர்ச் சோதனை" என்று அறிவித்தேன். "புகார்தாரராக நானே வருவேன். கத்துவேன், அழுவேன், இது நாடகமில்லை, நிஜம் என்றுகூடச் சொல்வேன். நம்பாதீர்கள். கடைசிவரை சொல்லிக்கொடுத்தபடி நடக்கிறவர்களுக்குத்தான் முழு மதிப்பெண்." பர்ஸ் தொலைந்ததாக நடிப்பதுதான் என் திட்டம்.

சாப்பிட்டுவிட்டுக் காற்று வாங்க வெளியே வந்தேன். ஸ்கூட்டர் நின்ற இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

மாலதியின் முகம், பிரிக்காத அந்த பிளாஸ்டிக் உறை, இரண்டும் மாறி மாறிக் கண்ணில் வந்தன. உள்ளே ஓடினேன். "என் ஸ்கூட்டரக் காணோம்" என்று அலறினேன். அத்தனை முகங்களிலும் சந்தோஷம். சோதனை தொடங்கிவிட்டது.

லாவண்யா என்ற பெண் முதலில் எழுந்தாள். இதே ஊரில், நாச்சாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சார். தண்ணி குடிங்க. டென்ஷன் நக்கோ."

"அம்மா, இது நிஜம்மா நிஜம்."

"அப்படித்தான் சொல்வீங்கன்னு காலைலயே சொன்னீங்களே சார்" என்று கனிவாகச் சிரித்தாள். "யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

இந்த இடத்தில் நான் சொன்னதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. "அந்த டீக்காரன்" என்றேன். "காலையிலேர்ந்து அவனுக்கு என் வண்டி மேலயே கண்ணு."

இரண்டு பேர் போய் அவரை அழைத்து வந்தார்கள். கையில் கெட்டிலோடு வாசலிலேயே நின்றார். காலர் கிழிந்த சட்டை. எனக்கு அதுவே போதுமான ஆதாரமாகத் தெரிந்தது. "இவன உள்ள கூட்டிட்டுப் போய் ரெண்டு தட்டு தட்டுங்கம்மா, தன்னால சொல்லிடுவான்" என்றேன். அவருக்கும் புரியட்டும் என்று "அந்தர் லே ஜாவ்" என்று இந்தியிலும் சொன்னேன்.

அவர் பின்வாங்கிய வேகத்தில், கெட்டிலில் இருந்த டீ அவர் காலிலேயே கொட்டியது. எல்லோரும் நாடகம் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த அறையில், அவருக்கு மட்டும் அது நாடகமில்லை.

லாவண்யா அசரவில்லை. "தட்ட மாட்டோம் சார். ஆதாரம் இல்லாம சந்தேகப்படக் கூடாது. சட்டையப் பாத்து எடை போடக் கூடாது."

"நான் உங்க வாத்தியார் சொல்றேம்மா."

"இப்ப நீங்க கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தவர், சார்."

டீக்காரருக்கும் என் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, என்ன பார்த்தீர்கள் என்று உருதுவில் கேட்டாள். அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எனக்குச் சொன்னாள். "டிராஃபிக் போலீஸ் கிரேன் வந்து தூக்கிட்டுப் போச்சாம் சார். மேல நோ பார்க்கிங் போர்டு இருக்கு, வண்டிய எடுங்கன்னு சொல்லத்தான் காலைல ஓடி வந்தாராம். நீங்க போலீஸுக்கே மாஸ்டர்னு சொன்னீங்களாம்."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மாலதி. வண்டி அவள் பேரில் அல்லவா. "என்னங்க, அபராதம்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு, போட்டோவோட. வண்டிக்கு நேர் மேல அம்மாம்பெரிய போர்டு. உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?" ஸ்பீக்கர் தேவைப்படாத குரல் அவளுக்கு. லாவண்யா அதைத் தெலுங்கில் மற்றவர்களுக்குச் சொன்னாள்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பொறுப்பு அதிகாரி ஓடி வந்து என் கையைக் குலுக்கினார். "சூப்பர் டிராமா, மாஸ்டர்காரு. அந்த போன் கால் டைமிங் இருக்கே" என்று இங்கிலீஷும் தெலுங்குமாகப் பாராட்டி, அடுத்த பேட்சுக்கும் இதையே போட வேண்டும் என்றார். உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல் தலையாட்டினேன்.

லாவண்யா மட்டும் வாசல் வரை வந்தாள். "நெஜம்தானே சார்?"

"ஹவ்" என்றேன், ஆமாம் என்பதற்கு. வெட்கத்தில் தமிழ்கூட வரவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "நெஜம்னு அப்பவே தெரிஞ்சிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்னு யோசிக்கிறேன் சார்."

டீக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று ஒரு டீயை நீட்டினார். "பஸ், ஓ அந்தர் லே ஜாவ் நக்கோ போல்னா தா சாப்" என்றார். உள்ளே கூட்டிட்டுப் போ என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாது என்கிறார். நான் அத்தனை நேரம் எடுத்த பாடம் அதற்குள் இருந்தது.

வண்டியை மீட்டுக்கொண்டு வீடு போனால், தமிழ் புரிந்தாலும் தெலுங்கில் மட்டுமே பதில் சொல்லும் என் மகள் வாசலில் போனை நீட்டினாள். "அப்பா, போர்டு கனபடலேதா?" போர்டு கண்ணில் படவில்லையா என்கிறாள். அந்தப் போட்டோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்புப் படமாகி, இன்றுவரை மாறவில்லை.

இப்போதும் வீட்டில் ரிமோட்டையோ மூக்குக் கண்ணாடியையோ காணோம் என்று நான் குரல் எழுப்பினால், யாரும் தேட மாட்டார்கள். மகள் நாற்காலியை இழுத்துப் போடுவாள். மாலதி தண்ணீரோடு வந்து, மிகுந்த கனிவுடன் கேட்பாள்:

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"என் மேலதான்" என்று சொல்லிவிட்டுத்தான் நான் தண்ணீரைக் கையில் வாங்குவேன்.