பெரியவர் உட்கார்ந்துவிட்டார்

பேரன்பும் பெருமதிப்பும் உரிய மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதும் கடிதம்.

இங்கே நான் நலம். உங்கள் அக்காவும் நலம், அவளுடைய இடது முழங்கால் மட்டும் நலமில்லை, மாடிப்படியைப் பார்த்தாலே அது தனியாக முனகுகிறது. உங்கள் தூக்கம் இப்போது எப்படி? போன மழைக்காலம் பூராவும் கண்ணை மூட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள், இப்போது கொஞ்ச நாளாக அந்தப் பேச்சையே காணோம், தேவலை என்று நினைத்துக்கொண்டோம். நிற்க, நீங்கள் அனுப்பிய பார்சல் இன்று காலை வந்து சேர்ந்தது. சொன்ன சொல் தவறாமல் உங்கள் பழைய ஸ்வெட்டரைத் துவைக்காமல் அனுப்பியதற்கு நன்றி. அழுக்குத் துணி அனுப்பியதற்காக நான் ஒருவருக்கு நன்றி சொல்வது இதுவே முதல் தடவை. பெரியவர் மாதிரி ஒரு மோப்ப நாயைப் புது வீட்டுக்கு அனுப்புமுன் அந்த வீட்டுக்காரரின் வாசனையை அதற்குப் பழக்க வேண்டும் என்பது எங்கள் சுங்கத் துறையில் பாலபாடம். உங்கள் அக்கா பார்சலைப் பிரிக்காமல் அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "முதல்ல லெட்டரை முடிங்க. அதைப் பிரிச்சா நீங்க அழுதுட்டு மூலையில போய் உட்காந்துடுவீங்க" என்கிறாள். பெரியவருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. காலையிலிருந்து பீரோ இருக்கும் அறையை விட்டு வரவில்லை, சாப்பிடவில்லை, கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கோபம், வேறென்ன. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் சாப்பாட்டு மேஜையில் முதுகைக் காட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இந்த மாதக் கடைசிக்குள் பெரியவர் இந்தக் கட்டடத்தை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டுவிட்டது. ஆகவே தோட்டமும் வாசல் கேட்டும் உள்ள நீங்கள் அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று போனில் அரைகுறையாகக் கேட்டதை இப்போது முறைப்படி கேட்கிறேன். எப்படி இந்த நிலைமை வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாமா, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பெரியவர் குட்டியாக எங்கள் சரக்குக் கொட்டகைக்கு வந்தபோதே மூஞ்சியில் நரைத்த மாதிரி ஒரு சாம்பல் நிறம். மற்றக் குட்டிகள் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் நியாயம் சொல்ல வந்தவர்போல் நடுவில் நின்றார். சுங்க அதிகாரிதான் முதலில் "என்ன பெரியவரே" என்றார், அந்தப் பெயரே நின்றுவிட்டது. கஞ்சா வாசனை வந்தால் குரைக்கக்கூடாது, பிராண்டக்கூடாது, அப்படியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து என் கையைப் பார்க்க வேண்டும். அதுதான் பயிற்சி. உட்கார்ந்தால் நான் இடுப்பிலிருந்து சுருட்டிவைத்த துண்டை எடுத்து வீசுவேன், அவர் தாவிப் பிடித்துக்கொண்டு கொட்டகை முழுக்கச் சுற்றிவருவார். சம்பளம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது, அந்த ஒரு துண்டுதான். அடடா, அந்தக் காலத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மார்பு விரிகிறது மச்சான். சரக்கு வரும் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், சாக்குத்தூசியும் டீசல் புகையும் ஈர மரப்பெட்டி வாசனையுமாக மூச்சு முட்டும், சுமை தூக்குகிறவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள், திடீரென்று யாராவது "பெரியவர் உட்கார்ந்துட்டார்!" என்பார்கள். பெல்ட் நிற்கும். டீ குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே வைப்பான். பெரிய அதிகாரிகூட நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். ஒரு நாய் உட்கார்ந்ததற்கு ஒரு கொட்டகையே எழுந்து நின்ற காலம் அது.

அப்புறம் நான் ஓய்வு பெற்றேன், அவரும் ஓய்வு பெற்றார், கஞ்சாச் சட்டமும் மாறிவிட்டது. நேற்றுவரை ஜெயில், இன்றிலிருந்து ரசீது. நம் தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோ இருந்ததே, உங்கள் அக்காவும் நானும் விறைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்ட இடம், அங்கேயே கண்ணாடிக் கதவும் பச்சை போர்டுமாகக் கஞ்சாக் கடை திறந்துவிட்டார்கள். கட்டடத்தில் ஒரே கொந்தளிப்பு. சங்கத் தலைவரான வருமான வரி வக்கீல் வீடு வீடாக வந்து எதிர்ப்பு மனுவில் கையெழுத்து வாங்கினார். "சார், நம்ம பிள்ளைங்க எதிர்காலம் என்ன ஆகுறது? நாடு எங்க போகுது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்தார். நானும் கையெழுத்துப் போட்டேன். நாட்டுக்காகப் போட்டேன் என்று சொன்னால் பொய். பெரியவர் மரியாதை என்ன ஆகுமோ என்ற பயத்தில் போட்டேன். நீங்களும் அந்த வாரம் போனில் சட்டத்தைக் கிழிகிழியென்று கிழித்தீர்களே, "அத்தான், இந்த இலையைத் தொட்டவன் என் வாசப்படி ஏறக்கூடாது" என்று, அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நம் குடும்பத்தில் கொள்கை என்று ஒன்று இருக்கிறது என்றால் அது உங்களிடம்தான்.

கடை திறந்த அன்று காலை நடைக்குப் போனோம், வழக்கமான வழிதான். கடை வாசலில் வரிசை நின்றது, எல்லாரும் முன்பே பழகியவர்கள் போலிருக்கிறது. பெரியவர் முதல் ஆளை முகர்ந்தார், உட்கார்ந்தார், என் கையைப் பார்த்தார். இழுத்தேன். அடுத்த ஆள், உட்கார்ந்தார். அதற்கடுத்தவர், உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி வரிசை முழுக்க ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து எழுந்தார். கடைக் காவலாளி வந்து, "ஏன் சார், நாய்க்குக் கால்ல ஏதாச்சும் வலியா? பாவம், அடிக்கடி உட்காருதே, உள்ள நல்ல தைலம் இருக்கு, வாங்கித் தேய்ச்சு விடுங்களேன்" என்று பரிதாபப்பட்டான். என் ஆயுளில் அப்படி ஓர் அவமானம் பட்டதில்லை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. லிஃப்டில் ஒரு நாள் ஏறினோம், உள்ளே சங்கத் தலைவர் வக்கீல், கையில் பையோடு, பக்கத்தில் இரண்டாம் மாடித் தலைமை ஆசிரியை அம்மா, ஓய்வு பெற்றவர், அந்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. கதவு மூடியது. பெரியவர் வக்கீலை முகர்ந்தார், உட்காரப் போனார், பாதியில் நிறுத்தி ஆசிரியை அம்மாவை முகர்ந்தார், திகைத்தார். கடைசியில் இருவருக்கும் நடுவில், இருவரையும் பார்க்கிற மாதிரி, தீர்ப்புச் சொல்கிறவர்போல் உட்கார்ந்தார். நான் லிஃப்டின் கூரையைப் பார்த்தேன். "என்னோடது முட்டி வலிக்குத் தைலம்" என்றார் ஆசிரியை அம்மா. யாரும் கேட்கவில்லை. "என்னோடது... கட்சிக்காரர் ஒருத்தர் கொடுத்தது, மேல்முறையீட்டுக்கு" என்றார் வக்கீல். நான்கு மாடி ஏறுவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

இன்னொரு கூத்து கேளுங்கள். மேல்மாடியில் ஓர் இளம் தம்பதி, "இலைக்கு விடுதலை" என்று ஜன்னலில் போஸ்டர் ஒட்டி, சட்டத்துக்கு ஆதரவாக ஊர்வலம் போனவர்கள். அவர்கள் முன்னால் பெரியவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை, திரும்பியே பார்க்காமல் போய்விடுவார். அந்தப் பெண்ணுக்கு அழுகை வராத குறை. "அங்கிள், எல்லார் முன்னாலயும் உட்காருது, எங்க முன்னால மட்டும் ஏன் உட்கார மாட்டேங்குது? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள். "நீங்க அதைத் தொட்டிருக்கணும்லமா" என்றேன். "ஐயோ, அந்த நாத்தம் எனக்கு ஆகாது அங்கிள், நாங்க கொள்கை அளவுலதான்" என்றாள். ஆக மச்சான், இந்தக் கட்டடத்தில் எதிர்க்கிறவன் எல்லாம் வாங்குகிறான், ஆதரிக்கிறவன் பெப்பர்மின்ட் சாப்பிடுகிறான். பொதுமக்கள் கருத்து என்று பத்திரிகையில் வட்டம் வட்டமாகப் படம் போடுகிறார்களே, அவர்கள் பெரியவரைக் கேட்டிருந்தால் செலவு மிச்சம்.

கீழ்வீட்டுத் தையல்காரர்தான் விஷயத்தை முற்றவைத்தார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், மாப்பிள்ளைப் பையன் எப்படியோ என்னவோ, "பெரியவரைக் கூட்டிட்டு சும்மா வர்ற மாதிரி வந்துட்டுப் போங்க சார்" என்று கெஞ்சினார். உங்கள் அக்கா, "வேண்டாங்க, வினையை விலைக்கு வாங்காதீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் கேட்டேனா? பெரியவர் பையனை முகர்ந்தார், நல்ல பிள்ளை என்று வாலை ஆட்டினார், பெண் வீட்டார் முகமெல்லாம் மலர்ந்தது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். அதற்குள் அவர் நேரே சம்பந்தியம்மாவின் கைப்பைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கல்யாணம் நின்றுபோகவில்லை, அதுவரை நல்லது, ஆனால் அந்த அம்மா வக்கீலுக்கு ஒன்றுவிட்ட அக்கா என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே கூட்டம். அதே வக்கீல் எழுந்து, "இது கொள்கைப் பிரச்சினை இல்ல, தனிமனித சுதந்திரம் சார். ஒரு மனுஷன் தன் பையில என்ன வச்சிருக்கான்னு ஒரு நாய் ஊருக்குச் சொல்லலாமா?" என்றார். பிள்ளைகள் எதிர்காலமும் நாடும் எங்கே போயின என்று தெரியவில்லை. பெரியவர் போக வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள், எங்களையும் மேல்மாடித் தம்பதியையும் தவிர அத்தனை பேரும் தூக்கினார்கள்.

மச்சான், கேலியாக எழுதிக்கொண்டே வந்துவிட்டேன், ஆனால் என்னால் தாங்க முடியாத விஷயம் இதுவல்ல. துண்டு வீசுவதை நிறுத்துங்கள், கொஞ்ச நாளில் மறந்துவிடுவார் என்று கால்நடை டாக்டர் சொன்னார். நிறுத்திவிட்டேன். அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் சரியாகக் கண்டுபிடிக்கிறார், சரியாக உட்காருகிறார், என் கையைப் பார்க்கிறார். நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறேன். எங்கேயோ தப்புச் செய்துவிட்டோம்போல என்று நினைத்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்து உட்காருகிறார். அவரிடம் நான் எப்படிச் சொல்வேன், நீ செய்தது தப்பில்லையப்பா, தப்பு என்கிறதே மாறிப்போச்சு என்று? எனக்கே சரியாகப் புரியவில்லையே. அன்றைக்கு ஒரு தீப்பெட்டி அளவு வைத்திருந்தவனைக் கையில் விலங்கு மாட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள், இன்றைக்கு அதையே காகிதப்பையில் போட்டு "மறுபடியும் வாங்க" என்று சிரிக்கிறார்கள். அதுவும் சட்டம், இதுவும் சட்டம். நடுவில் நானும் பெரியவரும் நிற்கிறோம். அதனால்தான் கேட்கிறேன், உங்கள் வீட்டில் அந்த வாசனையே கிடையாது, அவர் உட்கார வேண்டிய அவசியமே வராது. அவருக்குப் பால்சாதம் கொடுக்க வேண்டாம், வயிறு தாங்காது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போவார், கூப்பிடாதீர்கள், அவராக வருவார். படுக்குமுன் காது மடலை ஒரு தடவை நீவிவிட வேண்டும், அது நான் பழக்கிய கெட்ட பழக்கம்.

உங்கள் அக்கா உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகளைச் சொல்லுங்கள், நீங்கள் நெடுநாள் நல்ல தூக்கத்தோடும் கொள்கையோடும் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரியவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மனம் கனத்த அத்தான்

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டு மறுபடி பிரித்து எழுதுகிறேன். பீரோவைத் திறந்து உங்கள் பார்சலைப் பிரித்தோம். அந்த நீல ஸ்வெட்டர், என் ஓய்வு விழாவுக்குப் போட்டுக்கொண்டு வந்தீர்களே, அதுதான். தரையில் விரித்தேன். பெரியவர் காலரில் ஆரம்பித்தார், வலது கை, இடது கை, மார்புப் பைக்கு வந்தார், நின்றார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். என் கையைப் பார்த்தார். காலையிலிருந்து அவர் பீரோ முன்னால் கோபித்துக்கொண்டு இருக்கவில்லை மச்சான், வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உங்கள் அக்கா குனிந்து அந்தப் பையை முகர்ந்து பார்த்தாள். "பக்கத்துல உட்காந்தவன் சட்டையில இருந்து ஒட்டியிருக்கும்" என்றாள். பிறகு அவளே, "தம்பி தூக்கம் இல்லாம எவ்வளவு தவிச்சான்... சொன்னா நம்ம என்ன நினைப்போமோன்னு பயந்துட்டான் போல" என்றாள். பெரியவர் அசையவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் எழுந்து கொடியிலிருந்து என் துண்டை உருவி, சுருட்டி, என் கையில் வைத்தாள். வீசினேன். இந்த வயதில் அவர் தாவிய தாவலில் நாற்காலி கவிழ்ந்தது, துண்டோடு வீடு முழுக்கச் சுற்றி வந்தார். நான் அழுதேன், அவளும் அழுதாள், வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவரை அனுப்பப் போவதில்லை, அங்கே வந்தால் அவருக்கு எழுந்திருக்கவே நேரம் இருக்காது. வீட்டைக் காலி செய்கிறோம், உங்கள் அக்கா முழங்காலுக்குத் தரைவீடுதான் நல்லதாம், அவளே சொல்லிவிட்டாள். ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்ப முடியாது, அதன்மேல் படுத்துத் தூங்குகிறார். நீங்கள் கூச்சப்படாமல் புது வீட்டுக்கு வாருங்கள். வாசலில் அவர் உங்கள் முன்னால் உட்காருவார், நான் துண்டு வீசுவேன், அதற்கு மேல் யாரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டோம்.