ட்ரக் சாமியும் பதினெட்டுச் சிரட்டைகளும்

சொந்தமாக ஒரு லாரிகூட இல்லாமல், நாள் முழுக்க ட்ரக்கைப் பற்றி மட்டுமே பேசக்கூடிய பிரகிருதி திருவனந்தபுரத்திலேயே ஒருவர்தான் இருந்தார். இதை மறுப்பவர்கள் எங்கள் ட்ரக் சாமியைப் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசி. கிழக்கேகோட்டையில் டைப்ரைட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வயது நாற்பத்திரண்டு, பிரம்மசாரி. கோவளத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரன், தன் டைப்ரைட்டரைச் சரிபண்ணிக் கொடுத்த சந்தோஷத்தில், நான்கு சக்கரம் வைத்த ஒரு பலகையையும் ஒரு பத்திரிகையையும் அவர் கையில் திணித்துவிட்டுப் போனான். பத்திரிகையில் ஒரு படம். சரிவான ரோட்டில் வரிசையாகக் கூம்புகள். ஒன்றையும் தொடாமல் ஒருவன் அதே மாதிரிப் பலகையில் பாம்பாக நெளிந்து இறங்குகிறான். ஸ்லாலம் பந்தயமாம். அன்றோடு சாமியின் லௌகீக வாழ்க்கை முடிந்தது.

அந்தப் பலகையின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் இரும்பு அச்சுக்குத்தான் ட்ரக் என்று பெயர். நடுவில் ஒரு ரப்பர் புஷ், அதை அழுத்திப் பிடிக்க ஒரு நட்டு. நாம் சாய்கிற பக்கம் அது திரும்பும். வெள்ளைக்காரன் கொடுத்தது அகல ட்ரக். சாமிக்குப் பிடிக்கவில்லை.

"இது எருமை ஓய்! திரும்புன்னா யோசிக்கறது."

பட்டறையில் வார்க்கச் சொல்லி, தானே அரம் போட்டு ராவி, குறுகலாக ஒரு ஜோடி செய்தார். டைப்ரைட்டர் உருளையின் ரப்பரில் புஷ் வெட்டினார். முன்னால் மெத்து, பின்னால் கெட்டி. "முன்னது வளையணும், பின்னது பிடிக்கணும். மனசிலாச்சா?" என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்டார். முன் ட்ரக் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப, ஹவாய் செருப்பை அறுத்து அதன் அடியில் ஆப்பு வைத்தார். அதே வாரம் கோயில் வாசலில் இரண்டு ஜோடி செருப்பு காணாமல் போய், தெருவே அவரைப் பார்த்தது.

"என் செருப்பைத்தான் அறுத்தேன். பார்த்துக்கோங்கோ!" என்று வெறுங்காலைத் தூக்கிக் காட்டினார்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு குளத்தைப் பார்த்துச் சரியும். அதில் பதினெட்டுத் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சாமி இறங்கினார். முதல் ஓட்டம் நேரே குளத்தில் முடிந்தது. தண்ணீருக்கு மேலே முதலில் பலகை வந்தது, பிறகு சாமி வந்தார். முகத்தைத் துடைப்பதற்கு முன்னாலேயே அறிக்கை வந்தது: "நட்டு அரைத் திருகு லூஸ்."

இதற்கிடையே நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார் வரன் பார்க்க வந்தார். பையனுக்கு ட்ரக் இருக்கிறதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எத்தனை ட்ரக் வெச்சிருக்கேள்?"

"நாலு. ரெண்டு அகலம், ரெண்டு குறுகல்."

"எல்லாம் ஓடறதா?"

சாமி உள்ளே போய் நான்கையும் எடுத்து வந்து, காப்பி டவராவுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். வந்தவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

தெருச் சமிதியின் காரியதரிசி மாமாவுக்குப் பொறுமை போயிற்று. சாமி குடியிருந்த அறையின் சொந்தக்காரரும் அவர்தான். "தெருவின் மானத்தைக் காக்க" கார்ப்பரேஷனுக்கு இங்கிலீஷில் ஒரு மனு தயாரித்தார். அதை டைப் அடித்துக் கொடுத்தவன் நான். கையெழுத்தும் போட்டேன். எப்படியோ மனு சாமியின் கைக்குப் போய்விட்டது. கோபத்தோடு வருவார் என்று வீட்டுக்குள் பதுங்கியிருந்தேன். வந்தார், ஸ்குரூடிரைவரோடு.

"உம்ம மெஷினில் 'e' வரிக்கு மேலே ஏறி நிக்கறது. என்னைத் திட்டறதா இருந்தாலும் நேரா இருக்கணும்."

சரிபண்ணிக் கொடுத்துவிட்டு நேரே காரியதரிசி வீட்டுக்குப் போனார். "மனு எதுக்கு மாமா? வர்ற ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் இறங்கறேன். ஒரு சிரட்டை தொட்டாலும் அறையைக் காலி பண்ணறேன். தொடல்லேன்னா ஞாயித்துக்கிழமை கார்த்தால தெரு என்னோடது."

"சம்மதம்," என்றார் காரியதரிசி.

ஞாயிறு காலை தூறல் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் ஜனம். சாமி பலகையைக் கவிழ்த்து, கட்டைவிரலால் புஷ்ஷை அழுத்திப் பார்த்தார். ஈர ரோட்டைப் பார்த்தார். முன் நட்டைக் கால் திருகு முறுக்கினார். கிளம்பினார்.

ஒன்று, இரண்டு, மூன்று... அந்தக் கோணல் மனிதர் அத்தனை அழகாக வளைவார் என்று யாருக்குத் தெரியும்? பதினாலாவது சிரட்டைக்குப் பக்கத்தில்தான் நான் நின்றேன். அது அசையவில்லை. பதினெட்டையும் தாண்டிக் குளத்தின் படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். தெரு கைதட்டியது. மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட மாமியும் தட்டினாள்.

சாமி கையைத் தூக்கினார். "பதினாலாவது தொட்டது."

"யாரும் பார்க்கல்லையே! விட்டுடும் ஓய்," என்றார் காரியதரிசியே.

"என் பாதத்துக்குத் தெரியும். பயத்தில கால் திருகு கூடுதலா முறுக்கினேன். குத்தம் ட்ரக்மேல இல்லை, என்மேல."

"சரி, இதோட இந்தப் பலகையையாவது விட்டுடுமேன்."

சாமி நிமிர்ந்து பார்த்தார். "அறையை விடறேன்னுதானே சொன்னேன்? பலகையை யார் விடறா?"

காரியதரிசி இரண்டு தடவை வாசலுக்கு வந்து தடுத்தும், சாயங்காலத்துக்குள் காலி செய்துவிட்டார். பேரூர்க்கடைப் பக்கம் ஒரு குன்றுச் சரிவில் புது வீடு. கிணற்றில் தண்ணீர் உண்டா என்று கேட்கவில்லையாம். ரோடு எங்கே போய் முடிகிறது என்று மட்டும் கேட்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி அங்கே போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். "விடிஞ்சதும் எங்கே கிளம்பியாறது?" என்று என் மனைவி கேட்டாள். சிநேகிதர் வீட்டுக்கு என்றேன். அதுவரை நான் யாரையும் அப்படிச் சொன்னதில்லை.