ஒரே சேறு, பன்னிரண்டு புட்டி

'முழுக்கப் பார்த்தாச்சு' என்பவர்கள் ஒரு தனி இனம். நீங்களும் கண்டிருப்பீர்கள்: வாசலோடு திரும்பிவிட்டு வீட்டுக்கு விலை மதிப்பவர்கள், கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் புத்தகத்துக்கு மதிப்பெண் போடுபவர்கள். இந்த இனத்தின் தலைமகன் நம் பேராசிரியர். குடாவின் அடிச்சேற்றில் எந்த நுண்ணுயிர் எங்கே எவ்வளவு வாழ்கிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை, யார் செய்த புண்ணியமோ, அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

பன்னிரண்டு இடங்களில் சேறு அள்ள வேண்டும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, மூன்று நிறப் பேனா, சகல பரிவாரங்களோடும் படகேறினார். துறையை விட்டு இருபது முழம் போனதுமே வயிறு புரட்டியது. அலையென்று சொல்ல ஒன்றுமில்லாத, அடங்கிய குடாதான். ஆனாலும் வயிற்றுக்கு அறிவியல் தெரியுமா?

"இங்கயே நிறுத்துப்பா," என்றார் படகோட்டியிடம்.

"மிச்சம் பதினோரு இடம் இருக்கே ஐயா?"

"மூடின குடா. தண்ணி எல்லாம் ஒண்ணுதானே? சேறு மட்டும் வேறயாவா இருக்கும்?"

"வடக்கு மூலைச் சேறு கருகருன்னு இருக்கும்ங்க. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்."

"நாத்தத்தை வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாதுப்பா."

ஆக, ஒரே இடத்தில் பன்னிரண்டு முறை இரும்பு வாளி இறங்கியது. பன்னிரண்டு புட்டிகள் நிரம்பின. ஒன்று முதல் பன்னிரண்டு வரை முத்து முத்தான கையெழுத்தில் எண்ணும் ஏறியது. ஆய்வகத்தில் பார்த்தால், அடேயப்பா! பன்னிரண்டிலும் அச்சடித்தாற்போல ஒரே கூட்டம். வேறொருவராயிருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவர் வியந்தார். 'குடா முழுவதும் நுண்ணுயிர்கள் வியக்கத்தக்க சமத்துவத்துடன் பரவியுள்ளன' என்று அறிக்கை எழுதி, வரைபடம் முழுக்கப் பச்சையை அப்பி, கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார்.

மச்சினன் கண்ணில் அந்தப் பச்சை வரைபடம் பட்டது. இருந்த வேலையை விட்டுவிட்டு, சிப்பி வளர்ப்பையே நம்பி இறங்கியிருந்த அப்பாவி அவன்.

"அத்தான், வடக்கு மூலை காலியா கிடக்கு. என்கிட்ட இருக்கிற சிப்பிக் குஞ்சு அத்தனையும் அங்க விடலாமா?"

"தாராளமா விடு மாப்ளே. முழுக்கப் பார்த்தாச்சு."

விட்டான். பத்தாம் நாள் அத்தனையும் வாய் பிளந்து கிடந்தன. அள்ளிய கூடையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்து அழுதான். பாவம், வயிறு எரியத்தானே செய்யும்? அவனுடைய அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கணவரை முறைத்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. நீங்க அந்த மூலைக்குப் போனீங்களா, இல்லையா?"

பேராசிரியர் கூடைக்குள் கைவிட்டு, மேலே கிடந்த ஒரு சிப்பியை எடுத்தார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குஞ்சே சரியில்லை மாப்ளே. ஒண்ணைப் பார்த்தாலே தெரியுதே!"

சிரிக்கிறீர்கள். 'நான் அந்த இனமில்லை, என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்' என்கிறீர்கள். பேஷாகக் கேட்கலாம். யாரை? நீங்களே கைகாட்டும் அந்த நாலு பேரையா?