பிரேக் இன்ஸ்பெக்டரைக் கொஞ்சிய கதை

என்னைத் திட்டுவதில் எனக்கு இணையான ஆள் இந்த நீலகிரியிலேயே கிடையாது. என் மாமியார் முயன்று பார்த்திருக்கிறார். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார். எனக்கு மூச்சு வாங்காது. மனசுக்குள்ளேயே திட்டிக்கொள்வதால் தொண்டையும் கட்டாது.

இந்தத் திறமை உச்சத்துக்குப் போனது நான் கார் பழகியபோது. அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது, குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட் ஆபீசில் வேலை. என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு ஷெட்டில் நின்றது. எஸ்டேட்டுக்கு வரும் பஸ் காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று (மழை வந்தால் அதுவும் யோசித்துத்தான் வரும்). செக்கப்புக்கு மாசாமாசம் கோயமுத்தூர் போக வேண்டும். யாரிடமும் போய் உதவி கேட்கக் கூசி, அவர் ரெண்டு செக்கப்பைத் தள்ளிப்போட்டுவிட்டார். இனி நான் ஓட்டினால்தான் ஆச்சு.

லைசென்ஸ் டெஸ்டில் ரெண்டு தடவை ஃபெயில். ரெண்டு தடவையும் ஒரே இடத்தில். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் சறுக்காமல் எடுத்துக்காட்ட வேண்டும். மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மேடுதான் எமன். வண்டி நின்றுபோகும், உடனே எனக்குள் ஒருத்தி ஸ்டார்ட் ஆவாள். 'எருமை, உனக்கெல்லாம் எதுக்குடி காரு? ஊட்டில மட்டக்குதிரை இருக்குதே, அது மேல ஏறி உக்காரு, அதுவாவது வழி தெரிஞ்சு போகும்.' ரெண்டாவது ஃபெயிலுக்குப் பிறகு என் கழுத்து இறுகி, எந்தப் பக்கமும் திரும்ப மாட்டேன் என்றது.

சர்ச் ஹாலில் புதன்கிழமைகளில் யோகா தெரபி நடத்தும் வசந்தி டீச்சரிடம் போனேன். கழுத்தைப் பிடித்துவிடுவார் என்று பார்த்தால், டெஸ்டில் என்னை நானே என்ன சொல்லித் திட்டிக்கொண்டேன் என்று கேட்டார். சொன்னேன் (சர்ச் ஹால் என்பதால் சிலதை விட்டுவிட்டு).

"உங்க சிநேகிதி இப்படி வண்டியோட நின்னுபோயிருந்தா, அவகிட்ட இதையெல்லாம் சொல்லுவீங்களா?" என்றார்.

சொல்ல மாட்டேன்தான். சொன்னால் அறைந்துவிடுவாள்.

அதன்பிறகு அவர் கொடுத்த பயிற்சி: நெஞ்சில் கை வைத்து, மூச்சை மெதுவாக விட்டு, அந்தச் சிநேகிதியிடம் பேசுகிற மாதிரி என்னிடம் நானே மனசுக்குள் பேச வேண்டும். இதற்குப் பேர் கொஞ்சல், நமக்குச் சரிவராது என்று முதலில் தோன்றியது. ஆனால் பேசப்பேசக் கழுத்து இளகியது. ஒரே சிக்கல், திட்டு மனசுக்குள் சரளமாக வரும் எனக்கு ஆறுதல் மனசுக்குள் வரவே இல்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் கேட்டது. தேயிலைக் காட்டுப் பாதையில் சத்தமாகவே சொல்லிப் பழகினேன். ஒரு மாசத்தில் அது ஊறிப்போய், சொல்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மூன்றாவது டெஸ்ட். தூறலும் மூடுபனியும். பக்கத்து சீட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர். மீசைக்கும் முகத்துக்கும் ஒரே விறைப்பு. பின்சீட்டில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கிளப்பும்போதே வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நான் நெஞ்சில் கை வைத்தேன்.

"பரவால்ல கண்ணு. பயமாத்தான் இருக்கும். முதுகை நேரா வெச்சு ஒரு மூச்சு விடு."

பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டாராம். மாஸ்டர் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் ஒருமுறை, "நீ நல்லாத்தான் பண்றே தங்கம்" என்றேன். மாஸ்டர் இருமினார். சளி என்று நினைத்துக்கொண்டேன்.

மேடு வந்தது. நிறுத்தினேன், எடுத்தேன். வண்டி பின்னால் நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பதற்குள், ஓரமாக இறக்கி வைத்திருந்த முட்டைக்கோஸ் மூட்டையில் பம்பர் போய் மோதி, மூட்டை வாய் திறந்து, ஒவ்வொரு கோஸாகச் சரிவில் உருள ஆரம்பித்தது.

மனசுக்குள் அந்த 'எருமை' வரவில்லை. அதுதான் ஆச்சரியம். "போகட்டும் கண்ணு," என்றேன், "கோஸுதானே. யாருக்கும் அடிபடலை. நான் இருக்கேன் உனக்கு."

இன்ஸ்பெக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, இதெல்லாம் என்னையச் சொல்றீங்களா?"

அந்த நிமிஷம் நான் உருண்டோடும் கோஸ்களில் ஒன்றாக இருக்க ஆசைப்பட்டேன். பின்னே, வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: டீச்சர், கழுத்து, எருமை, வீட்டுக்காரர் கண். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று பேரும் இறங்கி, தூறலில் நனைந்துகொண்டே கோஸ் பொறுக்கிக் காய்காரரிடம் கொடுத்தோம். பின்னால் சறுக்கியதால் ஃபெயில், அடுத்த வாரம் வாங்க என்றார் இன்ஸ்பெக்டர். நியாயம்தான். ஏறும்போது, "அந்தக் கண்ணுகிட்டச் சொல்லி இப்ப ஒருக்கா எடுக்கச் சொல்லுங்க, பார்ப்போம்" என்றார்.

கண்ணு எடுத்தாள். கிளட்ச்சைப் பாதி விட்டு, வண்டி உறுமும்வரை பொறுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். ஒரு அங்குலம் சறுக்கவில்லை. அடுத்த வாரமும் சறுக்கவில்லை. அதே இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, அந்த கிளாஸ் எங்கே நடக்கிறது என்று கேட்டார். வீட்டில் யாருக்காவதா என்றேன்.

"எனக்குத்தானுங்க. இத்தனை வருஷமாப் பக்கத்து சீட்டுல உக்காந்து பயந்துட்டே வர்றேன். பரவால்லன்னு ஒருத்தரும் சொன்னதில்லை."

இப்போது புதன்கிழமைகளில் எனக்கு ரெண்டு பாய் தள்ளி அவர் படுத்திருக்கிறார்.

வீட்டுக்காரரின் செக்கப் ஒன்றுகூடத் தவறுவதில்லை. பர்லியார் வளைவுகளில் நான் வாயே திறப்பதில்லை, அவசியமில்லை. பின்சீட்டில் மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் வரைக்கும் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார்: "பயப்படாத சரோஜா. நல்லாத்தான் ஓட்டறா. எதுக்கும் கம்பியைப் புடிச்சுக்க."